பையோடு பதினேழு நாள்

தையல் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: ஊரில் யாருக்கு இடுப்பு எத்தனை இன்ச் என்பது நமக்குத் தெரியும், நம் உடம்பைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் (மலையில் பஞ்சாயத்துக்கு நாடு என்றுதான் பேர்), பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே முப்பத்தைந்து வருடமாக லேடீஸ் டெய்லராக இருக்கிறேன். முன்னறை கடை, பின்னறை வீடு. போன தீபாவளிக்குச் சரியாக இருந்த ஜாக்கெட் இந்தத் தீபாவளிக்கு ஏன் இறுக்குகிறது என்பதற்கான காரணம் என் கண்ணுக்கு நேராகவே நிற்கும். ஆனாலும் "துணி சுருங்கிப் போச்சுங்க" என்று மட்டும்தான் சொல்வேன். இப்படி ஊர் மானத்தை எல்லாம் காப்பாற்றி வந்தவனுடைய மானம், அறுபத்திரண்டாம் வயதில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய் எல்லோர் பார்வைக்கும் தொங்கியது.

இதைப் படிக்கிறவர்களில் என் இனத்தார் சிலர் இருப்பீர்கள். பஸ் ஏறும் முன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, நடுவில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினால் ஒரு தடவை என்று மறைவிடம் தேடுகிறவர்கள். போய் நின்றாலும் வராது. வந்துவிட்டோம் என்று திரும்பினால் வரும். உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன், அண்ணன் தம்பிகளே: வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப் போடாதீர்கள். நான் ரெண்டு வருடம் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் காலையில் சுத்தமாக நின்றே போய்விட்டது. மலையிலிருந்து இறங்கும் எழுபது வளைவுகளிலும் பஸ் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே நாமக்கல் போய்ச் சேர்ந்தேன்.

தையல் இல்லாத ஆபரேஷன்

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு டியூப் போட்டு அவஸ்தையைத் தீர்த்தார்கள். உயிர் திரும்பி வந்தது. அதற்கப்புறம் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி என்னென்னவோ விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் சம்சாரம் சரசு, "இவுருக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. வெளங்காட்டித்தான் இப்படி ஆட்டுவாரு" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லேடீஸ் டெய்லருங்க."

"அப்பச் சுலபம். பாவாடைக்கு நாடாப் பட்டி தைப்பீங்கல்ல? பட்டிக்குள்ள துணி மடிஞ்சு தடிச்சுப் போனா நாடா போகுமா?"

"போகாதுங்க."

"அதேதான். மூத்திரம் வர்ற பாதையைச் சுத்தி புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்குது. வயசானா அது பெருத்துப் போயிப் பாதையை இறுக்கும்."

அடுத்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அப்பப் பட்டியப் பிரிச்சுத் தைக்கோணுமுங்களா?" என்றேன். பிரிக்கவே வேண்டாம், பாதை வழியாகவே உள்ளே போய், பெருத்ததைச் சுரண்டி எடுத்துவிடலாம், வெளியே ஒரு தையல்கூடக் கிடையாது என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் தொழில் புத்தி கேட்கிறதா? "ஒண்ணே ஒண்ணுகூடப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆசையா இருந்தா உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல பாருங்க, அங்க போட்டுக்கங்க."

ஆறு கட்டில் வார்டு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் நர்ஸம்மா டியூபை எடுத்தார். "தண்ணி நெறையக் குடிங்க. தானா வரும். வந்தா ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

குடித்தேன். ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு, மூன்று சொம்பு. பாத்ரூமுக்குப் போய் நின்றேன். பல்லியைப் பார்த்தேன். பல்லி என்னைப் பார்த்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. சரசு வந்து குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமாம். வாளிதான் நிறைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சேந்தமங்கலம் பக்கத்து ரிட்டயர்டு லாரி டிரைவர், என்னைப் போலவே ஆபரேஷன் ஆனவர், ரொம்பப் பரோபகாரி. சின்னக் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு செய்வார்களே, அது மாதிரி "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தார். அவர் ஆரம்பித்ததும் எதிர்க் கட்டிலும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மொத்த வார்டும் பாம்புப் புற்று மாதிரி சீறிக்கொண்டிருந்தது. நான் நடுவில் சொம்போடு நின்றேன். முதலில் எதிர்க் கட்டில்காரர் எழுந்து வேகமாகப் பாத்ரூமுக்குப் போனார். அப்புறம் ஜன்னலோரத்துக்காரர். அப்புறம் லாரி டிரைவரே எழுந்து ஓடினார்.

மத்தியானம் வயிறு கல்லாகிவிட, திரும்பவும் டியூபைப் போட்டு, பையைக் கட்டி விட்டார்கள். டாக்டர் இந்த முறை நாடா, பட்டி என்றெல்லாம் பேசவில்லை. இன்னும் பதினாலு நாள் பையோடு இருக்க வேண்டும், உள்ளே ஆறட்டும், அதற்கப்புறமும் வராவிட்டால் வேறு வழி யோசிக்க வேண்டும், பை ரொம்ப நாளைக்கு இருக்கும்படி ஆகலாம் என்றார். ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். லாரி டிரைவர் தன் கட்டிலில் இருந்து எட்டி என் தோளைத் தொட்டார்.

"மனசு உட்ராதீங்க டெய்லரு. உங்களுக்கு வராட்டி என்னங்க, உங்களால எங்க அஞ்சு பேருக்கும் நல்லா வந்துச்சு."

லக்கேஜ்

ஊருக்கு பஸ்ஸில்தான் வந்தோம். கார் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். சரசுவுக்குக் காரில் ஏறினால் பத்தாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். பஸ் என்றால் எழுபதாவது வளைவு வரைக்கும் கம்பீரமாக உட்கார்ந்திருப்பாள். பை விஷயத்தில் நர்ஸம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: அது எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் வெளியே வந்தது உள்ளே திரும்பும். அதனால் மூத்திரப் பையை ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பைக்குள் வைத்து, காலடியில் இறக்கி, டியூபை வேட்டிக்குள் மறைத்து, ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு, தேங்காய் பழத்தோடு விசேஷத்திலிருந்து திரும்புகிற மனிதன்.

காளப்பநாயக்கன்பட்டியில் கூட்டம் ஏறியது. மரவள்ளிக்கிழங்கு மாவு மூட்டை, பிளாஸ்டிக் குடம், ஒரு கூடை நிறையக் கோழி. கண்டக்டர் தம்பி புதுசு, ரொம்பச் சுறுசுறுப்பு. "காலடியில ஒண்ணும் வெக்காதீங்க, மேல வெச்சுருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் லக்கேஜையும் தானே எடுத்து மேல் கம்பியில் சொருகிக்கொண்டு வந்தார். நான் சுதாரித்து வாயைத் திறப்பதற்குள் என் மஞ்சள் பையையும் குனிந்து எடுத்து விறுக்கென்று தூக்கினார். பை மேலே போனது. கூடவே நானும் போனேன். உட்கார்ந்திருந்த மனிதன் ஒரே துள்ளலில் சீட் மேலேயே ஏறி நின்றுவிட்டேன். சரசு பாய்ந்து கண்டக்டர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நானும் பையோடு சேர்ந்து இறங்கினேன். கோழிகள் எல்லாம் கத்தின. கண்டக்டர் பயந்துபோய்ப் பையை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:

"அதென்னங்கண்ணா, பையத் தூக்குனா ஆளும் கூட வாரீங்க?"

இன்றைய கலர்

மலையில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். எனக்கும் வந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். உடம்பு எப்படி இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை; நேராகக் குனிந்து பையைப் பார்த்துத்தான் கேட்டார்கள். பை பதில் சொல்லாததால் நான் சொன்னேன்.

அதில் முக்கியமானவர் பொன்னுசாமி. பக்கத்து வீட்டுக்காரர், மிளகு விவசாயம். சிவப்பாக வந்தால் உடனே போன் பண்ண வேண்டும், போகப் போக வெளுத்தால் நல்லது என்று நர்ஸம்மா சொன்னதை சரசு அவரிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது அவர் பொறுப்பு. காலையில் ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறோடு வருவார். நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் குந்த வைத்து, பையை வெளிச்சத்தில் லேசாகத் திருப்பி, மிளகு வாங்க வந்த வியாபாரி மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். முதல் நாள் "மலைத் தேனு". மூன்றாம் நாள் "பலாச்சுளை, நல்லாப் பழுத்தது". அதை வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போவார், யாராவது கேட்பார்கள் என்று.

பக்கத்துக் கடை சடையனுடைய டீக்கடை. காலையில் ஏழெட்டுப் பேர் கிளாசும் கையுமாக நிற்பார்கள். ஆறாம் நாள் பொன்னுசாமிக்கு உவமை கிடைக்காமல் கொஞ்சம் திணறல். அப்புறம் முகம் மலர்ந்தது. வாசலுக்குப் போய், "இன்னிக்கு அப்பிடியே நம்ம சடையன் கடை டீ கலருங்க! அதே கலரு!" என்று அறிவித்தார். டீக்கடையில் பேச்சு நின்றது. ஒருவர் கிளாசை உயரத் தூக்கிப் பார்த்துவிட்டு பெஞ்சில் வைத்தார். இன்னொருவரும் வைத்தார். சடையன் வடிகட்டியும் கையுமாக என் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க பொன்னுசாமி, காப்பின்னு சொல்லக் கூடாதுங்களா? அதை நான் போடறதே இல்லீங்களே!"

டீச்சருக்குப் பிடித்த டிசைன்

மஞ்சள் பை பஸ்ஸில் கிழிந்துவிட்டதால், வந்த ரெண்டாம் நாளே மூத்திரப் பைக்கு ஒரு உறை தைக்க முடிவு செய்தேன். மிஷின் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார், கையால்தான் தைத்தேன். யாரோ ஒருவர் ஜாக்கெட்டில் மீந்த அரக்குக் கலர் பட்டுத் துண்டு, ஓரத்தில் ஜரிகை, உள்ளே லைனிங், தோளில் மாட்டி முழங்கால் வரை தொங்கவிட நீள நாடா, அடியில் அளவு தெரிய ஒரு சின்ன ஜன்னல். கட்டாயத்துக்குத் தைக்க ஆரம்பித்தது, கை சும்மா இருக்குமா, கடைசியில் நாலு மணியும் குஞ்சமும் வைத்து முடித்தேன். நாற்காலிக் கையில் மாட்டினால் கோயில் யானை மாதிரி இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்து மேரி டீச்சர் தூத்துக்குடிப் பக்கம். வேலை கிடைத்து இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தவர் உறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணாச்சி, இது என்ன இவ்வளவு அழகா இருக்கு! போன் வைக்கவா? ஈஸ்டருக்கு ஊருக்குப் போறேன், எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்." அது விற்பனைக்கு இல்லை என்றேன். வேறு டீச்சர் யாரோ முந்திக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டார் போல. "யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்று கையை நீட்டி உறையைத் தூக்கப் போனார். "டீச்சர், டீச்சர், தொடாதீங்க" என்று அலறினேன். சரசு உள்ளேயிருந்து வந்து டீச்சர் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். உறையைப் பார்த்தார், குஞ்சத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு மிஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. நன்றாக யோசித்துவிட்டு டீச்சர் சொன்னார்:

"உள்ள என்ன இருந்தா எனக்கென்ன அண்ணாச்சி, வெளிய டிசைன் நல்லாருக்கு. அந்த ஜன்னல் மட்டும் எனக்கு வேண்டாம்."

ஒழுகும் கூரை

பைக்கு அடியில் ஒரு திருகு உண்டு. பை நிறைந்தால் திருகைத் திறந்து கொட்டிவிட்டு மறக்காமல் மூட வேண்டும். மறக்காமல் என்பதைப் பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

நான் மறந்த அன்று ஒரு அம்மா, எடப்புளி நாட்டிலிருந்து, மகளுக்குப் பாவாடைத் துணியோடு வந்திருந்தார். கட்டிங் டேபிளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, எத்தனை சுற்று வைக்க வேண்டும், எத்தனை மடிப்பு வைக்க வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். தரையில் ஒரு சின்ன ஓடை என் பக்கத்திலிருந்து புறப்பட்டு, டேபிளைச் சுற்றி, வெட்டுத் துணிகளை நனைத்துக்கொண்டு வாசல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஏனுங்க, தண்ணி வருதுங்களே?" என்றார். நான் குனிந்து திருகை மூடினேன். சரசு வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு கோணியைக் கொண்டுவந்து ஓடை மேல் போட்டுக்கொண்டே, "ஊடு ஒழுகுதுங்க, கூரைய மாத்தோணும் மாத்தோணும்னு சொல்லீட்டே இருக்கறேன், கேக்கறாரா இவுரு?" என்று என்மேலேயே பழியைப் போட்டாள்.

அந்த அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வாசலில் அடிக்கிற பங்குனி வெயிலைப் பார்த்தார். பிறகு துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மழ பேயாமலே ஒழுகுற ஊட்டை இப்பத்தானுங்க பாக்கறேன். கூரையில்ல, மொதல்ல ஆளை மாத்துங்க."

பெல்ட்டைக் காணோம்

சிரித்தது போதும், இது கொஞ்சம் வேறு மாதிரி.

அலமேலு என்று ஒருவர், மேல் தெரு. அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அடிவாரத்துக்காரர், காளப்பநாயக்கன்பட்டியில் மண்டபம். முகூர்த்த ஜாக்கெட்டை வெட்டி வைத்துவிட்டுத்தான் எனக்கு நின்று போனது. பெண்ணுக்கு வேறு டெய்லரிடம் கொடுக்க மனசில்லை. "அண்ணன் எந்திரிச்சு வந்து தைப்பாரு" என்று காத்திருந்தாள். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. சரசு தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மிஷினில் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் மிதிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளாக மிதிக்காத கால். ஒரு கையை முடித்துவிட்டு அடுத்த கைக்குப் போனேன். குஞ்சத்துக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஜன்னலை எதேச்சையாகப் பார்த்தேன். மருதாணி கரைத்து ஊற்றின மாதிரி சிவப்பு.

சரசு குடத்தோடு உள்ளே வந்தவள், குடத்தை இறக்கி வைக்கவில்லை, போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். படுக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் வெளுக்கவில்லை என்றால் கூட்டி வந்துவிடுங்கள் என்றார்கள். சொம்பு சொம்பாகக் குடித்தேன். சரசு ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்குச் சிவப்பு ரோஜாக் கலர் ஆகி, அப்புறம் பலாச்சுளைக்கு வந்தது. அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். நேரே கடைக்குப் போய் மிஷின் பெல்ட்டைக் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். பெல்ட் இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுற்றாது.

மறுநாள் அலமேலு அழாக் குறையாக வந்து நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரசு மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்குள் கையை விட்டுப் பெல்ட்டை எடுத்து வந்தாள். அவளே மாட்டினாள், அவளே உட்கார்ந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் கடையில் ஹூக் கட்டுவதும் ஓரம் மடிப்பதும்தான் அவள் வேலை. மிஷினில் உட்கார நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. நான் நாற்காலியில் இருந்துகொண்டு "கழுத்துல இழுக்காத, கழுத்துல இழுக்காத" என்று கத்தினேன். "செத்த சும்மா இருங்க" என்றாள். அதற்கப்புறம் சும்மா இருந்தேன். மூன்று நாளில் ஜாக்கெட் முடிந்தது. கவிதா உள்ளறையில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை, கை தோளில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் தைத்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன மடிப்பு விழும். துணியின் குணம் என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்தேன். அலமேலு மகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க. உடம்பு சரியானாலும் நீங்க இனி ஹூக்கே கட்டுங்க."

வந்துருச்சுங்க

பதினேழாம் நாள் வந்தது. கவிதாவுக்குக் கல்யாணமும் அன்றைக்கே. விடிந்ததும் நாங்கள் நாமக்கல் போய்விட்டோம். வேலை சீக்கிரம் முடிந்தால் வரும் வழியில் மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. முடிந்தால்.

டியூபை எடுத்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடியைக் கொடுத்து, வந்தால் இதில் பிடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். எட்டு மணி. ஒன்பது மணி. போனில் பொன்னுசாமி: "வந்துச்சுங்களா?" சடையன்: "வந்துச்சுங்களா?" மேரி டீச்சர்: "அண்ணாச்சி, வந்துட்டா?" ஒவ்வொருவர் கேட்கும்போதும் வரவிருந்ததும் உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது. கடைசியில் போனைச் சரசு வாங்கி அணைத்துவிட்டாள். ரொம்ப நாள் என்று டாக்டர் சொன்னது எத்தனை நாளாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது நர்ஸம்மா எங்களைத் தாண்டிப் போனார். அவர் வெள்ளைக் கோட்டில் ஒரு பாக்கெட் பாதி பிரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் அது ஆடியது. மூன்றாவது தடவை என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க" என்றேன். காலரின் உள்பக்கம் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். கோட்டை மடியில் விரித்துக்கொண்டேன். பழைய நூலைப் பிரித்து, மூலையில் ரெட்டைத் தையல் போட்டு, இழுத்துப் பார்த்து, மேல் பட்டிக்கு வந்தேன். டெய்லருக்கு ஒரு பிரிந்த தையல் கையில் இருந்தால் உலகத்தில் வேறு ஒன்றும் இருக்காது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கப் போன நேரத்தில், அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. கோட்டு, ஊசி எல்லாவற்றையும் சரசு மடியில் போட்டுவிட்டு ஜாடியோடு ஓடினேன்.

முதலில் சொட்டு. பிறகு கொஞ்சம் நின்றது. என் உயிரும் கூடவே நின்றது. பிறகு வந்தது பாருங்கள்! கொஞ்சம் எரிந்தது. எரிந்தால் எரியட்டும். கதவுக்கு வெளியே சரசு, "சத்தம் கேக்குதுங்க! எனக்குச் சத்தம் கேக்குதுங்க!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ரெண்டு தடவை போகச் சொல்லி, வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, உள்ளே தேங்கவில்லை என்று டாக்டர் அனுப்பி வைத்தார். கொஞ்ச நாளைக்கு இருமினால் தும்மினால் சொட்டும், பயப்படாதீர்கள் என்றார். நான் இருமாமல் தும்மாமல் பஸ் ஏறினேன்.

சரசு போனைத் திறந்ததும் முதலில் கூப்பிட்டது அலமேலுவை. அவர் அப்போது மணமேடையில் இருந்தார்; பக்கத்தில் சாப்பிடக் கூப்பிடுவதற்காக ஒரு மைக். பெண்ணைப் பெற்றவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மைக்கைப் பிடுங்கி, "நம்ம டெய்லரண்ணனுக்கு வந்துருச்சுங்க!" என்று சொல்லிவிட்டார். மலையிலிருந்து போயிருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்களாம். பொன்னுசாமி விசில் அடித்தாராம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களும் மரியாதைக்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். டெய்லர் என்று யாரோ சொன்னதும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சரசுவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆரோ வந்திருக்கறதா மைக்குல சொன்னாங்களேங்க, அவுரு எங்கீங்க? உங்க பக்கத்துலயே எல போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கறோம்."

முப்பத்தைந்து வருடமாக நான் தைத்த ஜாக்கெட்டுகளில் ஒன்றுக்குக்கூட யாரும் கைதட்டியதில்லை. கடைசியில் ஊரே கைதட்டியது ஒன்றுக்குத்தான்.